பதினாறைப் பதினாலாக்கியவனுக்கு

கம்ப்யூட்டர் கேஸின் பக்கக் கதவைக் கழற்றியதுமே கிராம்பு சிகரெட் நாற்றம் முகத்தில் அடித்தது. நாம் சேர்ந்து நடத்திய கல்யாண வீடியோ கடையில் நீ ஊதித் தள்ளிய புகையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரின் விசிறியில்தான் படிந்திருக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உன் தங்கச்சி இதை ரெங்கத்திலிருந்து காரில் ஏற்றி பத்து பாகாட் ஊருக்கு, என்னிடம் கொண்டுவந்துவிட்டாள்.

"அண்ணன் படமெல்லாம் இதுலதான் இருக்குண்ணே. ஆன் பண்ணா உடனே ஆஃப் ஆயிருது. வேற யார்கிட்ட கொடுக்கிறதுன்னு தெரியல."

ஆகாமல் என்ன செய்யும்? நீ செய்துவைத்த வேலை அப்படி.

அவள் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நலங்கு அன்று சாயங்காலம் நீ இதன் மெமரியை நோண்டிக்கொண்டிருந்தாய். மெமரி இத்தனை துடிப்பு காத்திருந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மெமரி செய்த கம்பெனி பதினாறு என்று வைத்ததை, வேகம் கூடட்டும் என்று நீ பதினாலாக இறுக்கினாய். அது தடுமாறியதும் வோல்டேஜை ஏற்றினாய். காலையில் கோயிலில் எடுப்பதை மாலையே மண்டபத்தில் போட்டுக் காட்டி, சொந்தபந்தத்தை அசத்த வேண்டுமாம் உனக்கு.

"டேய், இவ்வளவு ஏத்தினா ஆயுசு குறைஞ்சிடும்டா. டெஸ்ட் போட்டியா?"

"அஞ்சு நிமிஷம் போட்டேன். போலே லா! லைஃப்டைம் வாரண்டி இருக்கு, எதுக்குப் பயப்படுற?"

உனக்கு எல்லாமே மலாய் 'போலே'தான், எல்லாமே முடியும். மணிக்கணக்கில் ஓட்ட வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தாய். வாரண்டியில் புது மெமரி கிடைக்கும். போன படம் கிடைக்குமாடா, மடையா?

மறுநாள் இரண்டு கேமராவின் கார்டுகளையும் நான்தான் இதில் ஏற்றினேன். எல்லாம் ஏறிவிட்டது என்று திரை சொன்னது. அதை நம்பி, மாலை விருந்துக்கு வேண்டுமே என்று கார்டுகளை அழித்தேன். பிறகு திறந்தால் தாலி கட்டும் இடம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள்; தடுமாறிய மெமரி ஏற்றும்போதே படத்தைக் கெடுத்திருக்கிறது. கெட்டிமேளச் சத்தம்கூட மிஞ்சவில்லை.

மண்டபத்து வாசலில் கல்யாணப் புடவையோடு நின்று அவள் என்னைக் கேட்டாள்: "ஏண்ணே, பார்த்துச் செய்யக் கூடாதா?" நீ பக்கத்தில்தான் நின்றாய். "அவன் அவசரப்பட்டு கார்டை அழிச்சிட்டாம்மா" என்றாய். அழித்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினாலைப் பற்றி நீ மூச்சு விடவில்லையே, பாவி! அடுத்த வாரமே இதைத் தூக்கிக்கொண்டு ரெங்கத்துக்குப் போய்விட்டாய். உங்கள் சொந்தத்தில் அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்ல உனக்கு நாலு வருஷம் பத்தவில்லை. இப்போது செத்தும் போய்விட்டாய், யாரிடம் போய் நான் சண்டை போடுவது?

மெமரி இரண்டில் ஒன்று கருகிப் போயிருந்தது. மற்றதை மட்டும் போட்டு, பழையபடி பதினாறில் வைத்து, வோல்டேஜை இறக்கினேன். பேசாமல் ஓடுகிறது. அப்போதுதான் கேஸின் உள்பக்கம் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். உன் கோழிக் கிறுக்கல்: "நலங்கு. 16 இல்ல, 14. போலே!" தேதியும் போட்டிருந்தாய்.

இதற்காகத்தானே நாலு வருஷம் காத்திருந்தேன்! அவள் வந்ததும் முகத்துக்கு நேராக நீட்டுவது என்று அதை உரித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

வந்தாள். திரையில் உன் படங்களைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதாள். "அண்ணன் கை வச்ச சாமான், அவ்வளவு சீக்கிரம் கெட்டுப் போயிருமா?" என்றாள்.

டேப்பைச் சட்டைப் பையில் போட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "படத்தைக் காப்பி பண்றப்ப பார்த்துண்ணே. அன்னைக்கு மாதிரி அழிச்சிடாதீங்க."

"அழிக்க மாட்டேம்மா" என்றேன்.

டேப் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.