வெளியே பூட்டிய வீடு

சேசு மரி சூசை

உப்பளம், புதுச்சேரி
16-9-2024

அன்புள்ள சுலோசனாவுக்கு,

மேரியக்கா எழுதுவது. கோயில் விலாசத்துக்கு நீ போட்ட கடிதத்தை உபதேசியார் நேற்றுப் பூசை முடிந்ததும் கையில் கொடுத்தார். உயிரோடு இருக்கிறேன், திருப்பூரில் இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மூன்றே வரி. மூன்று வாரமாக நீயும் பிள்ளையும் எந்தக் கிணற்றில் விழுந்தீர்களோ என்று தவித்தவளுக்கு மூன்று வரி போதும் என்று நினைத்துவிட்டாய்.

நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கப் போவதில்லை. அவ்வளவு ஆத்திரம் உன் மேல். பக்கத்துத் தெருவிலிருந்து, நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்து வீட்டைக் காலி செய்தவள்தானே நீ? பதினோரு வருஷப் பழக்கத்துக்கு நீ கொடுத்த மரியாதை அது.

செவ்வாய்க்கிழமைக் கடன் குழு மீட்டிங்கில் ஐந்து பேர் உட்காரும் பாயில் நாலு பேர் உட்கார்ந்தோம். வசூலுக்கு வரும் வினோத்குமாரை உனக்குத் தெரியும். கத்த மாட்டான். "ஒருத்தங்க கட்டலன்னா மத்தவங்க சேந்து கட்டணும்க்கா, அதுக்குத்தானே குழு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். நிர்மலா உட்பட மற்ற மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். உன்னைக் குழுவில் சேர்த்தவள் நான். தலைவி என்று கையெழுத்துப் போட்டவளும் நான். மூன்று வாரமாக உன் பங்கையும் சேர்த்து நானே கட்டுகிறேன். கெஸ்ட் ஹவுஸ் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு வருகிற காசு எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா? என் பெண் மெரினுக்கு டிசம்பரில் பிரெஞ்சுப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா?

போனை அணைத்து வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கம்பெனியிலிருந்து அடிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் போய் இப்படிக் காகிதத்தில் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் மீன் கூடையை என் வீட்டுப் பின்பக்கம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பூர்ணிமா சரியாகச் சாப்பிடுகிறாளா?

உன் அக்கா,
ஞானமேரி


முருகன் துணை

திருப்பூர்
6-10-2024

அன்புள்ள மேரியக்காவுக்கு,

சுலோவின் வணக்கம். நீங்கள் திட்டியதை நாலு தடவை படித்தேன். திட்டுவதற்கும் ஓர் ஆள் இருக்கிறது என்று அழுகை வந்துவிட்டது.

சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். விட்டாலும், அவள் எங்கே என்று வினோத்குமார் கேட்டால் உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதற்காகத்தான் சொல்லவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகெல்லாம் கட்டிக் கிடந்த இரண்டு மாதமும் நான் எப்படித் தவணை கட்டினேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நம் குழுவுக்குக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்கினேன். அதற்குக் கட்டக் காதில் கிடந்ததை விற்றேன். அந்தக் கம்பெனிக்காரன் ஒருநாள் பூர்ணிமாவின் பள்ளிக்கூட வாசலுக்கே போய்விட்டான். யூனிஃபார்மில் இருந்த பிள்ளையைப் பார்த்து, "நீ வந்து எங்க ஆபீஸ்ல உக்காரு, உங்கம்மா தானா வருவாங்க" என்றானாம். பிள்ளை வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. அதற்குமேல் எந்தத் தாய் அந்த ஊரில் இருப்பாள், சொல்லுங்கள்.

இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கம்பெனி லைன் வீட்டில் ஓர் அறை. பூர்ணிமாவை அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். அவள் படிப்பு நிற்கக் கூடாது அக்கா, வேறு எது நின்றாலும் சரி.

ஆறு மாதம் வேலை பார்த்தால்தான் அட்வான்ஸ் தருவார்களாம். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குள் நானே வந்து மீதிப் பணம் மொத்தத்தையும் குழுப் பாயில் வைக்கிறேன். நீங்கள் கட்டியதையும் சேர்த்துத்தான். அதுவரை என் விலாசம் உங்களோடு இருக்கட்டும். வசூல்காரன் வந்து கேட்டில் நின்றால் முதலாளிக்கு ஆகாது. போன மாதம் ஒருத்தியை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

உங்கள்,
சுலோ


சேசு மரி சூசை

உப்பளம்
24-11-2024

அன்புள்ள சுலோ,

உன் பங்கைக் கட்டுவதைத் தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். என் பங்கையும் கட்ட முடியவில்லை. அதிலிருந்து வினோத்குமார் காலை ஒன்பது மணிக்கு என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் நம் வீட்டுக்கார சொல்தா இருக்கிறாரே, அவர் இவனுக்குத் தினமும் பேப்பர் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் காபியும் கொடுக்கிறார். பதினெட்டு வருஷமாக வாடகை கொடுக்கும் எனக்கு அவர் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை.

இப்போது நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மெரின் வகுப்புக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். நான் உள்ளே. பேன் போட முடியாது, சத்தம் கேட்கும். இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைக்காமல் தரையில் துணி விரித்துத் தேய்க்கிறேன். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி இருக்கிறேன். எல்லாம் உன் புண்ணியம்.

குழுப் பெண்களும் அவனோடு வந்து உட்காருகிறார்கள். நீயும் நானும் கட்டாவிட்டால் அவர்களுக்கு அடுத்த கடன் கிடையாதாம். நம் நிர்மலா கதவுக்கு நேராக நின்றே பேசினாள். "இவளுக்குத் தெரியாமயா அவ ஓடியிருப்பா? ரெண்டு பேரும் கூட்டுக் களவாணி" என்றாள். அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தவள் நான்.

எவ்வளவு கேட்டாலும் உன் விலாசத்தைச் சொல்லவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எழுதாதே, எப்போதும் போலக் கோயிலுக்கே எழுது. மெரின் பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள் டிசம்பர் இருபது. சீட்டு எடுத்துக் கட்ட வேண்டும். அந்தப் பரீட்சை தேறினால்தான் பிரான்சில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு எழுதிப் போட முடியும். பொங்கல் என்று சொன்னதை மறக்காதே. என்னால் பொங்கலைத் தாண்டித் தாங்க முடியாது.

உன் அக்கா,
ஞானமேரி


திருப்பூர்
17-12-2024

மேரியக்காவுக்கும் மெரினுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!

வீட்டுக்கு எழுதாதே என்றீர்கள். கார்டு கடிதமா? தபாலில் எனக்கென்று ஒரு கார்டு வந்ததே இல்லை என்று ஒருமுறை நீங்கள் சொன்ன நாளிலிருந்து, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே வருஷா வருஷம் தபாலில்தானே போட்டேன்? கோயிலுக்குப் போட்டால் அது உங்கள் வாசலுக்கு வந்த கார்டு ஆகுமா? சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். அனுப்புகிறவர் விலாசம் இல்லாமல் வாங்கமாட்டோம் என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கவர் மேல் பூர்ணிமா எழுதினாள்.

இடம் போதவில்லை, கார்டின் பின்பக்கமும் எழுதுகிறேன். அட்வான்ஸ் கிடைத்துவிட்டது அக்கா! 31ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்குப் பணத்தோடு வருகிறேன். உங்கள் பக்கத்தில் பாயில் உட்காருவேன். நிர்மலா முகத்தை நான் பார்க்க வேண்டும்.

சுலோ, பூர்ணிமா


திருப்பூர்
9-1-2025

திருமதி ஞானமேரி அவர்களுக்கு,

டிசம்பர் 24ஆம் தேதி பகல் சாப்பாட்டு நேரத்தில் வினோத்குமாரும் இன்னும் மூன்று பேரும் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். முந்நூறு பேர் வெளியே வரும் நேரம். என் பெயரையும் பாக்கியையும் சொல்லி ஒருவன் கத்தினான். வினோத்குமார் கத்தவில்லை. முப்பத்தொன்றாம் தேதி நானே கொண்டுவருகிறேன், ஊருக்கு எழுதியிருக்கிறேன் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "எழுதுனவங்க எத்தனை பேரு வந்திருக்காங்க, சொல்லுங்கக்கா" என்றான்.

அட்வான்ஸ் பணம் முழுவதையும் அங்கேயே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தான். முதலாளி சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அட்வான்சைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் கழியும்வரை உன் பிள்ளை வந்து வேலை பார்க்கட்டும் என்றார். நான் எங்கே போவேன்? பூர்ணிமா இப்போது பனியனில் பிசிறு வெட்டுகிறாள். பள்ளிக்கூடத்துப் பையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். நான் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறேன்.

என் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று அவனைக் கேட்டேன். பையிலிருந்து பூர்ணிமா எழுதிய கவரை எடுத்துக் காட்டினான். "உங்க மேரியக்கா வீட்லேர்ந்துதான்" என்றான்.

கொடுத்தீர்களா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். இல்லை என்று எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

சுலோசனா


உப்பளம்
19-1-2025

அன்புள்ள சுலோ,

கொடுக்கவில்லை. எந்தச் சிலுவை மேல் வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்வேன். இந்த ஒரு வார்த்தையை எழுதி மடித்துக் கவருக்குள் போட்டு ஒட்டியும்விட்டேன். இப்போது கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி பகலில் தபால்காரர் வாசலில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே பூட்டு. நான் உள்ளே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மடியில் மெரினின் பரீட்சைப் பணம். காலையில்தான் சீட்டு எடுத்திருந்தேன், மறுநாள் கட்டக் கடைசி நாள். படியில் வினோத்குமார் மட்டும். வினோத்குமார் எழுந்து, "குடுங்க சார், நம்ம வீடுதான், நான் குடுத்துர்றேன்" என்றான். ஒன்றரை மாதமாக அவனை அந்தப் படியிலேயே பார்க்கிறவர், வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருப்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

ஜன்னல் இடுக்கில் பூர்ணிமாவின் எழுத்து தெரிந்தது. நான் கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், தபால்காரர் என் கையில்தான் கொடுத்திருப்பார். குரல் கொடுத்தால் மடியில் இருப்பது போய்விடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவன் கவரைக் கிழித்துப் படித்தான். கவரைப் பையில் வைத்துக்கொண்டு, கார்டைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினான். "ஹாப்பி கிறிஸ்துமஸ்க்கா" என்றான். நான் உள்ளே இருப்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், சுலோ.

இதோடு நின்றிருந்தால் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கே நான் உனக்கு எழுதியிருந்தால் இரண்டு நாளில் கிடைத்திருக்கும். அவன் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு உன்னிடம் வந்தது ஐந்தாம் நாள். நான் எழுதவில்லை. இருபதாம் தேதியிலிருந்து என் வாசற்படி காலியாக இருந்தது. பூட்ட வேண்டாம் என்று மெரினிடம் சொன்னேன். பேன் போட்டேன். வாசலில் கோலமாவில் நட்சத்திரம் போட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் ஒரு நாள் இப்படி இருக்கட்டும், நாளைக்கு எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவன் எங்கே போயிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுதான் பொய். கிறிஸ்துமஸ் பூசையில் குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவன் இந்தப் பக்கம் திரும்பி வரக் கூடாது என்று வேண்டினேன். உன்னை நினைத்து ஒரு அருள் நிறைந்த மரியேகூடச் சொல்லவில்லை.

மெரினின் பணத்தைக் கட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் பரீட்சை. பூர்ணிமாவைப் பற்றி நீ எழுதியதை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் பரீட்சை எழுதமாட்டாள்.

பொங்கலன்று நிர்மலா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "விலாசத்தக் குடுத்து நல்ல வேல செஞ்சீங்கக்கா, குழு மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பொங்கலை வாங்கிக்கொண்டேன்.

உன் கூடையைத் தனக்குத் தரச் சொல்லி அவள் கேட்டாள். தரவில்லை. அது பின்பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

நேற்றுத் தபால்காரரைத் தெருவில் பார்த்தேன். "அன்னிக்கு ஒரு கவரு உங்க வீட்டுத் தம்பிகிட்ட குடுத்தேனே, வந்து சேந்துச்சாம்மா?" என்று கேட்டார். வந்து சேர்ந்தது என்று சொன்னேன்.

ஞானமேரி