மோட் தாண்டாத வாசற்படி

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

என் கண்ணு மாரெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலையும் அப்பாவின் இடுப்பையும் விட்டுவிட்டால் நாங்கள் இருவரும் நலம். உலகத்தின் அந்தக் கோடியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நனையாமல், நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நியூசிலாந்தில் இப்போது ஆடுகள் குட்டி போடும் பருவம் என்றாய், கையுறை இல்லாமல் வேலை செய்யாதே, உன் கைத்தோல் சின்ன வயதிலிருந்தே வெடிக்கும். போன ஞாயிறு போனில் நம் நாய் மோட் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறான் என்றேன். அது பொய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் சொல்ல முடியவில்லை.

பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் பதினோரு வயது ஆகிவிட்டது. கோடையிலிருந்தே காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் உடனே எழ மாட்டான், முன்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்து, ஒருமுறை உட்கார்ந்து, மறுபடி முயன்று, அப்படியே விறைத்துப்போய்க் கொஞ்ச நேரம் நிற்பான். நான் ஜூனிலேயே அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மென்னா, நாலு அடி ஓடினா தானா சரியாயிடும்" என்றார். சரியாகவும் ஆகிவிடும், அதுதான் ஏமாற்று. ஆட்டைக் கண்டால் அவனுக்கு வலியே மறந்துபோகும். இந்த மலையில் நாங்கள் எல்லோருமே நாய் ஓடுவதைத்தான் பார்க்கிறோம், அது எழுந்திருப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. செப்டம்பரில் பசுவைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் ரோனாதான் அவன் நடையைக் கவனித்து, இடுப்பு, கால் என்று ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தாள். தேய்மானம் என்றாள். "அஞ்சு நாள் படுக்கப் போட்டு ஆறாவது நாள் மலை முழுக்க ஓட விடாதீங்க எம்லின். தினம் ரெண்டு வேளை, ஒரே அளவு, கொஞ்சமா நடக்க விடுங்க. உங்க பைக் பின்னால ஏறிக் குதிக்கிறது கூடவே கூடாது. எடையும் ரெண்டு கிலோ குறையணும்" என்று சொல்லி, சாப்பாட்டோடு தினம் ஒன்று கொடுக்கும்படி மாத்திரையும் கொடுத்தாள். உன் அப்பா "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு மாத்திரைப் பெட்டியைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

இனிமேல்தான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது. நான் அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கறிச்சாற்றில் பொடித்துப்போட்டுத் தினமும் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் மோட் நொண்டுவது நின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அப்பா என்னிடமே பெருமையடித்துக்கொண்டார், நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வலி தெரியாததைக் குணமாகிவிட்டது என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். போன சனிக்கிழமை நாலு பண்ணையும் சேர்ந்து மலையிலிருந்து ஆடு இறக்கும் நாள். மேல்பக்கம் எப்போதும் நம் பங்கு, நம் இளம் நாய் மெக் அதற்கு இன்னும் தயாரில்லை. நான் வாசலில் நின்று "இந்த வருஷம் மோட் வேண்டாமே" என்றேன். "ஏன், நல்லாத்தானே இருக்கான்" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டுவாரே என்று சொல்லவில்லை.

மலையடியில் பக்கத்துப் பண்ணை இட்வால் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எம்லின், உனக்கும் உன் நாய்க்கும் சேத்து ஒரே ஊன்றுகோலா வாங்கிடலாமாடா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, பாறைகளைச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட பக்கத்துக்கே மோட்டை அனுப்பிவிட்டார். போனான், கண்ணு. ஒரு ஆட்டைக்கூட விடாமல் அறுபதையும் கூட்டிக்கொண்டு இறங்கினானாம். கடைசிக் கல்சுவரைத் தாண்டிக் குதித்தான், பிறகு எழவில்லை. நான் முற்றத்திலிருந்து பார்த்தபோது உன் அப்பா அந்த இடுப்போடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். இட்வால் பின்னாலேயே வந்து, கேட்காமலே பாதி வழியில் வாங்கிக்கொண்டான். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று ரோனா சொன்னாள். ஆனால் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு குளிர்காலம் இந்த ஈரக் கல்தரையில படுத்தான்னா வசந்தத்துக்கு இவன் எழுந்திருக்க மாட்டான்" என்றாள். அங்கே வைக்கோலை மாற்றினால் இரண்டே நாளில் நனைந்துவிடுகிறது, உனக்குத் தெரியுமே. அப்பா, "வீட்டுக்குள்ள கொண்டு வா" என்றார். நம் வீட்டில் அவர் தாத்தா காலத்திலிருந்து வேலை செய்யும் நாய் வாசற்படி தாண்டியதில்லை, அவர் வாயிலிருந்து அது வந்ததை என் காதாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் மோட் வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் படுக்கவைத்தோம், தப்பு செய்தவன் மாதிரி நடுங்கினான், கீழே விட்டதும் வழுக்குகிற தரையில் பின்கால் பரப்பிக்கொண்டு உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே போனான். தரை முழுக்கக் கம்பளம் விரித்தேன், கறி வைத்தேன், பலிக்கவில்லை. பின்வாசல் படியில் தாடையை மட்டும் வைத்துக்கொண்டு மழைச்சாரலில் படுத்திருக்கிறான். உன் அப்பா நாற்காலியை அங்கேயே இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அடுப்புச் சூடெல்லாம் தோட்டத்துக்குப் போகிறது. உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்றால், "நான்தானே வராதேன்னு அடிச்சுக் கத்துக்கொடுத்தேன்" என்கிறார்.

நேற்று அவரே என்னிடம் வந்து ஒன்று கேட்டார். மோட் குட்டியாக இருந்தபோது நீ எங்களுக்குத் தெரியாமல் அவனை உன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவாயே, ஒரு குளிர்காலம் முழுக்க. தெரியாது என்றா நினைத்தாய்? போர்வையில் இருந்த முடியை அப்பாதான் முதலில் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். "அவ என்ன சொல்லி அவன உள்ள கூப்பிட்டா? கேட்டு எழுது. போன்ல நான் கேட்டா சிரிப்பா" என்றார். அதற்குத்தான் இந்தக் கடிதம். நவம்பர் முதல் ஞாயிறு, எங்களுக்கு மாலை ஏழு மணிக்குக் கூப்பிடு, உனக்குத் திங்கள் காலையாக இருக்கும். அதுவரை படிக்கு மேலே தார்ப்பாய் கட்டி, அடியில் பலகையும் கம்பளமும் போட்டிருக்கிறோம், மாத்திரையை அப்பாவே தன் கையால் கொடுக்கிறார். நான் போனை அடுப்புப் பக்கத்தில் சத்தமாக வைக்கிறேன், நீ அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு.

நேரத்தை மறந்துவிடாதே. கையுறையையும் மறந்துவிடாதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அந்த நேரம் அப்பா மாட்டுக் கொட்டகையில் போய் நிற்கப்போகிறாராம். தான் வீட்டில் இருந்தால் அவன் உள்ளே வரமாட்டான் என்று அவரே சொன்னார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
மென்னா