மூன்று நாளாக மழைக் கதை

கொடியில் உடுப்புக் காயப்போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, துளிகள் விழத் தொடங்கிவிட்டன. காலை முழுக்க வெயிலில் சுட்ட சீமெந்து நிலம் நனைந்து அந்த மணத்தைக் கிளப்பியது. உனக்குப் பிடிக்காத மணமடி. "சூடான இஸ்திரிப்பெட்டியில தண்ணி தெளிச்ச மாதிரிக் கிடக்கு" என்று மூக்கைச் சுளிப்பாய். உடுப்புகளை அள்ளிக்கொண்டு நான் குசினிக்குள் ஓடிவர, போன் அடித்தது. என் மகள்.

"அம்மா, அங்க மழையா?"

"ஓம் பிள்ளை, இப்பதான் தொடங்குது."

"இங்கயும்தான். ஃபன்னி வெதர், என்ன? காலமை நல்ல வெயில், இப்ப இப்பிடி."

"ஓம் ஓம், அப்பிடித்தான் கிடக்கு."

"ஓகே அம்மா. பை."

அவ்வளவுதான். பின்னால் ஏதோ இரைச்சல் கேட்டது, பஸ் போகிறதாக்கும் என்று நினைத்தேன். நேற்றும் இதே நேரம் எடுத்துக் காற்றைப் பற்றிக் கதைத்தாள். முந்தநாள் வெயில். பின்னேரம் நாலு மணி, அவள் வேலையில் இருக்கவேண்டிய நேரம். கலியாணம் முடித்து லண்டனின் மறுகோடியில் இருக்கிற வால்தம்ஸ்டோவுக்குப் போன இந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகுதான் எடுப்பாள், அதுவும் ஐந்து நிமிடம். வானத்தை அண்ணாந்து பார்க்கிற பிள்ளை இல்லை அவள்.

ஈர உடுப்பு மடியில் கிடக்க அப்படியே இருந்துவிட்டேன். மூன்று நாளாக வானத்தைப் பற்றிக் கதைக்கிறாள் என்று நான் பயப்படுகிறேன். இதை உன்னைத் தவிர வேறு யாருக்குச் சொன்னாலும் எனக்கு விசர் என்பார்கள். நீயோ போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடக் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நினைவிருக்கிறதா? நீ பிரான்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாய். "அங்க பதினைஞ்சு வருசம் இருந்தனான். ஒருத்தரும் என்னட்டை வானம் எப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டதில்லை. இவையளுக்கு வேற கதையே இல்லையோ?" என்று சலித்துக்கொள்வாய். தலைமைச் சமையல்காரி மார்கரெட் ஒருநாள் கதவடியில் நின்று, "மழை வராமல் இருக்கும் என்று நினைக்கிறாயா?" என்று உன்னைக் கேட்டாள். வராது என்றுதான் நானும் நம்புகிறேன் என்று சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேள்வி அது. நீ கையிலிருந்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வெளியே போய், நாலு பக்கமும் வானத்தைப் பார்த்து, திரும்பி வந்து, "இல்லை. இரண்டரைக்கு வரும்" என்றாய். அன்று பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. மார்கரெட்டின் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். இரண்டரைக்குச் சாக்கோட்டம் நடந்துகொண்டிருக்க, கொட்டியது பார் மழை! அதற்குப் பிறகு உன்னைக் கேட்காமல் அந்த மனுசி தன் வீட்டில் போர்வை தோய்த்ததில்லை.

நான் அதைவிட மோசம். பஸ் தரிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி "என்ன அருமையான நாள்" என்றதற்கு, "எனக்குக் குளிருது" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "மறுத்துக் கதைக்காதை. என்ன சொன்னாலும் ஓம் ஓம் எண்டு சொல்லு, அலுவல் முடிஞ்சுது" என்றாய். அதை மட்டும் நான் நன்றாகப் பாடமாக்கிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கதைக்குள் வேறொன்றும் இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் நீதான். ஒரு ஆனி மாதக் காலை, மார்கரெட் வந்ததிலிருந்து முகிலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். கரட் வெட்டும்போது சொன்னாள், தட்டு அடுக்கும்போது சொன்னாள். நீ என் விலாவில் இடித்தாய். "இண்டைக்கு நாலு தரம் சொல்லிப்போட்டா. ஏதோ நடந்திருக்கடி."

"உனக்கு விசர். வேலையைப் பார்."

நீ கேட்கவில்லை. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு போய், ஒரு கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, உனக்குத் தெரிந்த இங்கிலீசில், "மழை கிடக்கட்டும். நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டாய். மார்கரெட் கத்தியை வைத்துவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதல்நாள் அவளுடைய தம்பி செத்துப்போயிருந்தான். வீட்டில் தனியே இருக்க ஏலாமல் வேலைக்கு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சொன்னாய்: "ஒருக்காச் சொன்னா அது வணக்கம். திருப்பித் திருப்பிச் சொன்னா, நாங்கள் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கவேணும்."

இதைச் சொன்ன உனக்கே நான் கதிரை இழுத்துப் போடவில்லை. நீ வெம்பிளிக்கு வீடு மாறி நாலு வருடம் ஆகியிருந்தது. போன வருடம் ஆடி மாதம் மூன்று நாள் தொடர்ந்து எடுத்தாய். "அங்க வெயிலோ? இஞ்சை முகில் போட்டிருக்கு." நான் கறித்தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "ஓம் ஓம், இஞ்சையும் அப்பிடித்தான்" என்றேன். மூன்றாம் நாள், "என்னடி, நீயும் வெள்ளைக்காரியாப் போனியோ?" என்று பகிடி வேறு. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. மல்லி கருகப் போகிறதென்று நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை உன் மனுசன் எடுத்துச் சொன்னார், உன்னை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள் என்று. டொக்டர் உனக்கு விசயத்தைச் சொன்ன நாளிலிருந்துதான் நீ எனக்கு எடுக்கத் தொடங்கியிருக்கிறாய். ஓடிவந்து உன் கட்டிலடியில் நின்று, "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னனான்தானே" என்றாய். "மூண்டு நாளும் சொன்னனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ சும்மா சொன்னாய். பிறகு நான் கொண்டுவந்த இடியப்பத்தில் உப்புக் குறைவு என்று குற்றம் பிடித்தாய்.

இப்போது மகள். திருப்பி எடுத்துக் கேட்கலாம்தானே என்பாய். உனக்கென்ன, லேசாகச் சொல்லிவிடுவாய். உயிர்த்த ஞாயிறுக்கு வந்தபோது கேட்டேனே: ஏன் மெலிந்தாய், வேலையில் கரைச்சலோ, அவர் ஏதும் சொன்னவரோ, ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று ஒரே மூச்சில். "அம்மா, ப்ளீஸ், இது விசாரணையா?" என்று எழும்பிப் போய்விட்டாள். பிறகு ஒரு மாதம் போன் இல்லை. இப்போதும் கேட்டு, இந்த மழைக் கதையும் நின்றுவிட்டால்? வேலை போய்விட்டதோ? மருமகன் நல்ல பெடியன்தான், ஆனால் நாலு சுவருக்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? ஐயோ, உன்னைப் போல ஏதும் வருத்தமோ? மாதாவே, அது மட்டும் வேண்டாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். லண்டனில் பிறந்தவள், இவையளைப் போல அவளும் சும்மா வெயில் மழை கதைக்கத் தொடங்கியிருக்கலாம். இப்படித்தான் அன்றைக்கும் என்னை நானே ஏமாற்றினேன். அடுப்பில் கறி கொதிக்கிறது, அதை நிறுத்திவிட்டு எடுக்கப் போகிறேன்.

இனி வருவதைப் பொழுதுபடும் நேரத்தில் எழுதுகிறேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "மழை விட்டிட்டுதா அம்மா?"

"மழை கிடக்கட்டும் பிள்ளை. அடுப்பையும் நிப்பாட்டிப்போட்டுக் கதிரையில இருக்கிறன். நீ எப்பிடி இருக்கிறாய்?"

வாயில் வந்த அத்தனை கேள்வியையும் பல்லைக் கடித்து விழுங்கினேன். நீ பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கி கேட்டது, குரொய்டன் பக்கம் போகிற ரயிலுக்கு. வருடக்கணக்காக நான் தினமும் கேட்கிற குரல்.

"பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்?"

"நோர்பரி ஸ்டேஷன்ல." அவள் குரல் உடைந்துவிட்டது. "மூண்டு நாளா வாறன் அம்மா. வந்து நிண்டு, உங்களுக்கு எடுத்துக் கதைச்சிட்டு, திரும்பிப் போறன்."

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மூன்று நாளும் அவள் எனக்குச் சொன்னது என் தலைக்கு மேல் இருந்த வானத்தை. வீட்டுச் செருப்போடு, குடையும் எடுக்காமல் ஓடினேன். படிக்கட்டடியில் தொப்பலாக நனைந்துபோய் நின்றாள், கையில் ஒரு சின்னப் பை. "வா" என்று பையை வாங்கிக்கொண்டேன்.

தலையைத் துவட்டிவிட்டு, சோறு குழைத்துத் தீத்தி, அவளுடைய பழைய அறையில் படுக்க வைத்திருக்கிறேன். என்ன நடந்ததென்று இன்னும் சொல்லவில்லை. வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி மஞ்சள் வெயில் எறிக்கிறது. குசினிக் கதிரையை மேலே தூக்கிவந்து கட்டிலடியில் போட்டு, மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பயம் போகவில்லை.

கொஞ்சம் முதல் கண்ணை விழித்து, "நாளைக்கும் மழையா அம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாது பிள்ளை" என்றேன். கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டேன்.