முப்பத்தொரு நிறுத்தங்கள்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு, 9 நவம்பர் 2025

அன்புள்ள ஹெர்பர்ட்டுக்கு,

ரமா எழுதுவது. நான் சௌக்கியம். அடிலெய்டில் நீயும் மகளும் பேரக்குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறாயா, இல்லை நடப்பதாக டாக்டரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருக்கிறாயா? இங்கிலீஷில் எழுதினால் ஆசிரியர் குழுக் கடிதம் போல ஆகிவிடும் என்று தமிழில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பாதியில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே.

முதலில் நம் ஆராய்ச்சி இதழைப் பற்றி. ஜனவரியிலிருந்து இளவேனில்தான் ஆசிரியர். தருமபுரிப் பெண். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மேப் வரையும் வேலையை உதறிவிட்டுச் சுற்றுலாப் புவியியலில் ஆராய்ச்சிக்கு வந்தவள். அச்சுப் பிரதி இனிமேல் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான் என்று முடிவு செய்துவிட்டாள். எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. மூன்றாம் நாள், இருபத்தெட்டு வருஷத்துப் பழைய இதழ்கள் வீட்டில் அடைத்துக்கொண்டிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். கரையான் என்னை முந்திக்கொண்டிருந்தது. சரி போ என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய இன்னொரு திட்டம்தான் பெரியது. ஒரு கட்டுரை யாரைப் பற்றியதோ, அவர்களுடைய மொழியில் அதைச் சுருக்கி எழுதி, அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்லும் பதிலை, அவர்கள் பெயரிலேயே கட்டுரைக்குப் பக்கத்தில் போட வேண்டும். இது ஆகிற கதையா என்று நான் கேட்டேன். நீயும் அதைத்தானே ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் கேட்டாய், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவள் அசரவில்லை. நம் இதழில் அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரையை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம் என்றாள். அது எது என்று உனக்கே தெரியும்.

ஆமாம், நம்முடையதுதான். கலாசிபாளையத்திலிருந்து மைசூர் வழியாக ஊட்டிக்குப் போகும் டூர் பஸ்ஸில் நீயும் நானும் ஏழு தடவை போய்வந்து, வண்டி நின்ற முப்பத்தொரு இடங்களையும் குறித்து, இந்த வழியின் இயற்கைக் காட்சிகளை ரசித்துத் தேர்ந்தெடுத்தவர் ஓட்டுநரே என்று எழுதினோமே, அது. கடைசியில் நாம் நன்றி சொன்ன பெயர்களைப் பிடித்துக்கொண்டு இளவேனில் நம் பழைய டிரைவர் இராஜமாணிக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். போன சனிக்கிழமை மத்தியானம் அல்சூரில் ஒரு சங்கக் கூடத்தில் கூட்டம். டிரைவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இராஜமாணிக்கத்தோடு அவர் மனைவி வேதநாயகியும் வந்திருந்தார். நினைவிருக்கிறதா? அதே பஸ்ஸில் சமையலுக்கு வந்தவர். அவர் போட்ட புளியோதரையை ஏழு தடவையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நம் நன்றிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இப்போதுதான் கவனித்தேன்.

இளவேனில் வாசித்தாள். ராமநகரத்துப் பாறைகளின் முன்னால் ஓட்டுநர் ஏன் நிறுத்துகிறார் என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் வேதநாயகி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏனம்மா என்று கேட்டதற்கு, "பாறைய பாக்கவா நிறுத்துனாரு? பாறைக்குப் பின்னால போவத்தான் நிறுத்துனாரு! பஸ்ல இருபது பொம்பளைங்க இருந்தா எங்கம்மா ஒதுங்குவாங்க? அப்ப வழியில கக்கூஸ் ஏது?" என்றார்.

டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு அவரே விளக்கினார். பெண்கள் டிரைவரிடம் சொல்ல மாட்டார்கள். சமையல்காரம்மா காதில் சொல்வார்கள். அவர் பின்னாலிருந்து, தண்ணி தீர்ந்துபோச்சு என்று உரக்கச் சொல்வார். அதுதான் அடையாளம். அடுத்த தோதான இடத்தில் இராஜமாணிக்கம் வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கி சீனரி பாருங்கள் என்று ஆண்களை எதிர்ப்பக்கம் கூட்டிப் போவார். "ஆம்பளைங்கள அந்த சைடு திருப்பி நிக்க வெக்கணும்ல மேடம்? சும்மா நில்லுன்னா நிப்பாங்களா? மலையக் காட்டுனா நிப்பாங்க," என்றார் வேதநாயகி. ஹெர்பர்ட், நீ கழுத்தில் கேமராவோடு ரசித்துப் படம் எடுத்த அத்தனை காட்சிகளும் உன்னை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவதற்காகக் காட்டப்பட்டவை!

இதோடு முடியவில்லை. நம் வரைபடத்தை மேஜையில் விரித்தோம். வேதநாயகிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. விரலை வைத்துக்கொண்டு ஊட்டி வரைக்கும் போனார். இங்கே முள் இருக்கும், செருப்பில்லாமல் போகக்கூடாது. இங்கே கிணறு உண்டு. இந்த வீட்டுக்கார கௌடம்மா பின்கதவைத் திறந்துவிடுவார், அவருக்கு ஒரு பொட்டலம் சோறு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த இடத்தில் கர்ப்பிணிகளை மட்டும் இறக்க வேண்டும், மற்றவர்கள் அடுத்ததற்குப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பத்தொன்றையும் சொன்னார், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. மண்டியாப் பக்கம் வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறதே, காரணம் தெரியவில்லை, ஒருவேளை வெயிலின் சாய்வாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போட்டாய். எத்தனை பேர் அதை வைத்து என்னென்ன எழுதினார்கள்! நான் அதைக் கேட்டேன். இது தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். "கரும்பு வெட்டிட்டா மறைப்பு ஏதும்மா?" என்றார்.

எத்தனை மாநாடு, எத்தனை கட்டுரை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அந்த நெடுஞ்சாலையில் இன்று வியூ பாயின்ட் என்று பலகை வைத்திருக்கிற இடங்களில் பாதி அந்த அம்மாள் தேர்ந்தெடுத்தவை. இப்படி ஒரு மூளையோடு ஏழு தடவை ஒரே பஸ்ஸில் போயும் சாப்பாட்டைத் தவிர ஒன்றும் கேட்கவில்லையே நாம். இராஜமாணிக்கத்தை மட்டும் கொஞ்சம் கடிந்துகொண்டேன், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. ஹெர்பர்ட் சார் என்னிடம் சீனரி நல்லா இருக்கா என்றுதான் கேட்டார், நல்லா இருக்கு என்று சொன்னேன், பொம்பளைங்க விஷயத்தைப் படித்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்றார்.

புதன், 12 நவம்பர்

இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் இளவேனில் கூட்டத்தின் பதிவை உனக்கு அனுப்பிவிட்டாள், உன் நாலு வரி ஈமெயிலும் வந்துவிட்டது. வேதநாயகியின் பதில் வெளிவந்தால் ஆலோசனைக் குழுவிலிருந்து உன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்கிறாய். உன் வாழ்நாள் உழைப்பைக் கக்கூஸ் ஜோக் ஆக்கிவிட்டோம் என்கிறாய். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என் எதிரிலேயே அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு உடனே ஒரு பதில் தட்டி, பிறகு அழித்தேன்.

ஜோக் இல்லை ஹெர்பர்ட். நீ ஆண்பிள்ளை, உனக்குத் தோன்றவில்லை. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நான் யார்? நானும் அந்தப் பஸ்ஸில்தானே இருந்தேன். மத்தூர் தாண்டிப் புளியந்தோப்பில் மற்ற பெண்களோடு இறங்கிப் போனேன். வேதநாயகிதான் எனக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து நோட்டில் 'இயற்கைக் காட்சி, பதினேழு நிமிடம்' என்று எழுதினேன். அது என் கையெழுத்து. நேற்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றில் பத்தொன்பது இடத்தில் நான் இறங்கியிருக்கிறேன், அத்தனையிலும் காட்சி என்றே எழுதியிருக்கிறேன். எனக்கு அப்போது வயது முப்பத்துநாலு. உன்னிடம் வந்து அதைச் சொல்வேனா? வேறு யாராவது என்றால் ஒருவேளை சொல்லியிருப்பேன். உன்னிடம் முடியாது. அதனால் நம் கட்டுரையின் தப்பு முதலில் என்னுடையது.

வேதநாயகியின் பதிலை இளவேனில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தோடு வைத்திருக்கிறாள். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான். அதன் கீழே நம் குறிப்பு வர வேண்டும். நான் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்த முப்பத்தொரு நிறுத்தங்களையும் சரியாகக் குறித்தோம். காரணத்தைத் தவறாக எழுதினோம். சரியான காரணம் மேலே வேதநாயகி சொல்லியிருப்பது.' அதற்குக் கீழே இரண்டு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். இதழ் முப்பதாம் தேதி வெளியாகிறது. நீ போடாவிட்டாலும் நான் என் பெயரைப் போடுவேன், அதில் மாற்றம் இல்லை. இதை இன்றே கூரியரில் அனுப்புகிறேன். கோபம் தணியாவிட்டாலும் ஒரு வரி பதில் எழுது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பயணங்களில் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் நீ பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கீழே நிற்பாய். கண்டக்டர் அவசரப்படுத்துவார். நான் வந்து ஏறுகிறவரை வண்டியை எடுக்க விடமாட்டாய். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் ஏன் நிற்கிறாய் என்று கேட்டதில்லை. இந்தத் தடவை நான் படியில் நிற்கிறேன், ஹெர்பர்ட். முப்பதாம் தேதி வரைக்கும் எடுக்க விடமாட்டேன்.

உன் கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் முட்டியில் பலமும் தரட்டும். மெதுவாகவே வா. வந்து ஏறு.

உன் பெயருக்கு அடுத்த பெயராக என்றும்,
ரமா