கரண்ட் போன நேரத்தில் எரிகல் மழை

அக்கா,

இன்று மருந்துக்கடையில் கொசுக்கடிக்குத் தடவும் களிம்பு ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். என் இரண்டு கைகளிலும் அதை அப்பிவிட்டுத்தான் நீங்கள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போவீர்கள். வாங்கி வந்துவிட்டேன்.

முடிச்சூரில் நாம் எதிரெதிர் ஃபிளாட்டில் இருந்த நாட்கள். டிசம்பரில் எரிகல் மழை என்று பேப்பரில் படித்ததுமே என் கதவைத் தட்டுவீர்கள். "மணிக்கு நூறு விழுமாம்டி! பாய எடு, மாடிக்குப் போலாம்." முதல் வருடம் ஒரே மேகம். அடுத்த வருடம் வானம் துல்லியமாக இருந்தது. ஆனால் பக்கத்து மனையில் புதிதாகப் போட்ட விளக்கு அதை ஆரஞ்சு நிறமாக்கிவிட்டது. விடிய விடிய உட்கார்ந்து நாம் பார்த்தது மீனம்பாக்கத்துக்குப் போன விமானங்களைத்தான்.

மூன்றாம் வருடம் எரிச்சலில் கத்திவிட்டேன். "போங்கக்கா, காலையில ஆபீஸ் இருக்கு. எல்லாம் பேப்பர்ல விடற கதை." உங்கள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல்தான் கூட வந்தேன்.

மணி ஒன்று இருக்கும். பொசுக்கென்று கரண்ட் போனது. தெருவே திட்டியது, நீங்கள் மட்டும் கைதட்டினீர்கள். தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரங்கள்! அதற்குள் ஃபிளாட் செகரட்டரி டார்ச்சோடு ஏறி வந்தார்.

"யாரும்மா அது, இந்த நேரத்துல மாடியில?"

"சார், மொதல்ல டார்ச்ச அணைங்க!"

நீங்கள் போட்ட அதட்டலில் மனிதர் அணைத்தேவிட்டார். அடுத்த நொடி விழுந்தது, பச்சையாக, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். இன்னொன்று. உடனே இரண்டு! செகரட்டரி கீழே ஓடி மனைவியை எழுப்பிக் கூட்டிவந்தார். ஃபேன் நின்று கொசுக்கடி தாங்காமல் வந்தவர்களும் அண்ணாந்து நின்றுவிட்டார்கள். "கரண்ட் வந்துடக் கூடாதுப்பா" என்று யாரோ சொல்ல, மாடியே சிரித்தது.

நீங்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். "இப்ப சொல்லு, கதையா? கதையாடி?" உங்கள் கன்னம் ஈரமாக இருந்தது.

மகனோடு மதுரைக்குப் போன பிறகும் டிசம்பர் தவறாமல் போன் செய்தீர்கள். இந்த ஆடியில் உங்கள் மகன் போன் செய்தார்; நீங்கள் இனி இல்லை என்றார்.

இன்று ராத்திரி மறுபடி எரிகல் மழையாம். மாலையிலிருந்து தூறல். வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. "இந்த மழையிலயா?" என்று என் கணவர் சிரிக்கிறார். நான் இரண்டு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன், அக்கா.