ஆக்ரா வரைக்கும் போன வசூல்

சார்,

இன்று காலை மருமகள் மோர்மிளகாய் வறுத்தாள். மாடி வீட்டுக்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போகிறார்களாம், ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுக்கிறாள். அந்தக் கார நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "என்ன மாமா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். உங்களிடம் பேச வேண்டும் போலிருக்கிறது என்றேன். எனக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுநடுவே அவளும் சிரிக்கிறாள், எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

உங்கள் பேத்தியும் என் பேத்தியும் ஒரே கோ-கோ விளையாட்டு டீம். போன வருஷம் ஜெய்ப்பூரில் போட்டி. டெல்லியிலிருந்து பஸ் பிடிக்கப் பணம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்து அப்பா அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து இட்லிக் கடை போட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கூப்பன் எடுத்துப்போய் ஆபீசில் விற்றார்கள். கூப்பன் தீர்ந்தது, இட்லியும் தீர்ந்தது, பணம் மட்டும் வந்து சேரவில்லை. விற்ற காசு அவரவர் வீட்டில் பெட்ரோலாகவும் பாலாகவும் கரைந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் ஆயுசு முழுக்கக் கட்டைவிரல் வைத்தவன்தான் சார். என் விரலுக்காவது பேங்கில் மதிப்பு உண்டு.

பஸ்காரன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். லீவு முடிவதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் பஸ் கல்யாண கோஷ்டிக்குப் போய்விடும், பிள்ளைகள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்கக் கூச்சப்பட்டு, சும்மா இருக்கிற கிழவர்கள் என்று நம் இரண்டு பேரை அனுப்பினார்கள்.

ஆபீஸ் கேன்டீனில் டீ ஆற்றிய தொண்டை எனக்கு. குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் நின்று, "கூப்பன் பணம்!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். மூன்று மாடியிலும் கதவு சாத்திக்கொண்டது. கணக்கு ஆபீசில் ரிட்டயரான நீங்கள் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தீர்கள்.

"சின்னச்சாமி, கத்தாதய்யா. கத்தினா அவன் பணத்தைப் பத்தி யோசிக்க மாட்டான், உன்னைப் பத்தித்தான் யோசிப்பான்."

"பின்ன எப்படி சார் கேக்கறது?"

"கேக்கவே கூடாது. வீட்டுல அவன் ராஜா. ரயில்ல ஏறிட்டா பாசஞ்சர். வழியனுப்ப வந்தவனை எவன்யா விரட்டுவான்?"

மே மாதம் டெல்லித் தமிழர்கள் எல்லோரும் நிஜாமுதீன் ஸ்டேஷன் வழியாகத்தானே போக வேண்டும்? மருமகள் கட்டிக் கொடுத்த தயிர்சாதம், மோர்மிளகாய்ப் பை என் தோளில், பிளாட்பாரம் டிக்கெட் உங்கள் பாக்கெட்டில். சாதப் பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே பாதிப் பேருக்குக் கூப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியவர் ஜனக்புரிக்காரர், குரூப்புக்கே அட்மின். மற்றவர்களைப் பணம் கட்டச் சொல்லித் தினமும் ஒரு நீதி போடுவார், தான் மட்டும் கட்ட மாட்டார். நீங்கள் பெட்டிக்குள்ளேயே ஏறி, அவர் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். நான் வாசலோடு நின்றேன்.

"அம்மா, உங்க மாப்பிள்ளை மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாது. பொம்பளப் புள்ளைங்க விளையாடப் போகணும்னு அத்தனை கூப்பனையும் வித்துக் குடுத்தாரு."

"அப்படியா மாப்பிள்ளை, சொல்லவே இல்லையே! வித்த பணத்தைக் கட்டியாச்சா?"

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. ஏசி பெட்டியில் சார்! போனை எடுத்துக் குத்தினார். "சுத்துது சார்... நெட்வொர்க் இல்ல... சுத்திக்கிட்டே இருக்கு."

"சார், வண்டி நகருது!" என்று கத்திக்கொண்டே கீழே குதித்தேன்.

"இருப்பா, அவர் போன் சுத்தி முடிக்கட்டும்," என்றீர்கள்.

போன் சுத்தி முடிப்பதற்குள் சக்கரம் சுத்த ஆரம்பித்துவிட்டது. பையைச் சுமந்துகொண்டு பிளாட்பாரத்தின் முனை வரைக்கும் ஓடினேன். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து நீங்கள் எனக்கே டாட்டா காட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"சின்னச்சாமி, பணம் வந்துடுச்சு."

"நீங்க சார்?"

"நான்தான்யா வரல."

டிக்கெட் இல்லாமல் வந்ததற்கு டிடிஆர் அபராதம் கேட்டாராம். "உங்களை வழியனுப்ப வந்த மனுஷன், நீங்களே கட்டுங்க மாப்பிள்ளை," என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்களாம். அப்போது மட்டும் போன் சுத்தவே இல்லையாம். ஆக்ராவில் இறங்கி, பஸ் பிடித்து, மறுநாள் வெள்ளைச் சட்டை கசங்கி வந்தீர்கள். ரயிலில் அந்த அம்மா நம் பொட்டலத்தில் உங்களுக்கும் பங்கு கொடுத்தார்களாம். வந்ததும் முதல் பேச்சு, "தயிர்சாதத்துல உப்பு கம்மிய்யா."

பஸ் கிடைத்தது. பிள்ளைகள் போன வேகத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். "ஹார் கயே தாத்தா, ஆனா பஸ்ல செம மஸ்தி!" என்றாள் என் பேத்தி. தோற்றாலும் பஸ்ஸில் ஒரே கும்மாளமாம். "இதுக்கா சார் அவ்வளவு அலைஞ்சோம்?" என்றேன். "பஸ்ஸுக்குத்தானே வசூல் பண்ணினோம், கப்புக்கா பண்ணினோம்?" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். குரூப் முழுக்கக் கூப்பிய கைகளாக வந்தன என்று மருமகள் காட்டினாள். எல்லோரும் சேர்ந்து பெரிய மாலை போடுவது என்று பேசினார்கள். ஆளுக்கொரு பங்கு என்றதும் உடனே கட்டைவிரல்கள் வந்தன. பூக்காரனுக்கு மொத்தப் பணத்தையும் நானே கொடுத்து மாலையைத் தூக்கிவந்தேன். கேட்பதற்கு முன்னால் பங்கை என் கையில் வைத்தவர் அந்த ஜனக்புரிக்காரர் ஒருவர்தான். வைத்துவிட்டுத் தூணோடு ஒதுங்கி நின்று அழுதார்.

மற்றவர்கள் இன்னும் தரவில்லை. ஒருநாள் படிக்கட்டில் நின்று வாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வரவில்லை. மேலே ஏறிப்போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தேன்.

உங்கள் படத்துக்குப் போட்ட மாலை கடனில் நிற்கிறது சார். பூ காய்ந்து உதிர்ந்தே போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு வீடாகப் போய் வாங்கிவிடுவேன். கத்த மாட்டேன்.