கரடி சூடேறும் நேரம்

அன்புள்ள கீச்சுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதி முடிப்பதற்குள் உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நலம்னு மொட்டையா எழுதாதீங்க, முழுசா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஆகவே திருத்தி எழுதுகிறேன். அம்மா நலம், அவளுடைய முழங்கால் முக்கால்வாசி நலம், காதைத் தவிர நானும் நலம். காதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான விஷயம், உன் மூன்றாவது பாட்டின் அடியில் நீளமாக ஓடுகிற அடிக்குரலை நேராக்காதே. ஏற்கெனவே நேராக்கியிருந்தால் பழையதை எடுத்துத் திரும்ப வைத்துவிடு. நான் சொன்னது தப்பு. வெள்ளிக்கிழமை எல்லாப் பாட்டையும் தொகுப்பை வெளியிடுகிற நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றாயே, அதனால் அம்மா இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உன் போனுக்கு இன்றே அனுப்புவாள், அசல் தபாலில் பின்னால் வரும். என் கையெழுத்து புரியாவிட்டால் அவளைக் கேள், முப்பத்தைந்து வருடமாகப் படித்துப் பழகியவள்.

காது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடம் மறைத்துவிட்டேன். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் வருகிறது, மீதியை "ஆமாம்மா", "அப்படியா", "சந்தோஷம்மா" என்று மூன்றே சொற்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் நீ காய்ச்சலில் படுத்திருக்கிறேன் என்று சொன்னதற்கு நான் "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லப்போய் உன் அம்மாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முப்பது வருடம் இசைக்கருவிகளுக்குச் சத்தம் கொடுத்துச் சோதித்தவனுக்கே சோதனையா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் நாலைந்து சத்தமும் ஒரே இடைவெளியில் வந்தன, நான் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காதபோதும் கணக்காக அமுக்கிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து, "சார், நான் சத்தம் போடறதை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு, நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க" என்றார். உன் அம்மா அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள், வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சமையலறையில் அழுதாள். கீழ்ச் சத்தமெல்லாம் பழையபடி இருக்கிறதாம், மேல் சத்தம்தான் போய்விட்டதாம், டாக்டரம்மா ஒரு படம் போட்டு விளக்கினார். எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. நீ கரடி என்று பெயர் வைத்த நம் பழைய சிந்தசைசரில் இடது கோடியில் ஒரு திருகு இருக்குமே, அதை இறக்க இறக்கக் கூர்மையெல்லாம் போய், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுமே, யாரோ என் தலைக்குள் அந்தத் திருகை இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பிறந்தவுடன் நீ போட்ட சத்தத்துக்குத்தான் உனக்குக் கீச்சு என்று பெயரே வந்தது. அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் போயிருக்கிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் நீ அதை அனுப்பி, நிறுவனத்துக்காரர் அடிக்குரல் பழுது மாதிரி இருக்கிறது, நேராக்கிவிடலாம் என்கிறார், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் அப்பா என்றாய். உன் பெயர் போட்டு வருகிற முதல் தொகுப்பு, அதில் என் அபிப்பிராயம் கேட்கிறாய், அந்த நேரத்தில் எனக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, என் காதை நம்பாமல், மேஜை இழுப்பறையிலிருந்து பழைய சுருதி மீட்டரை எடுத்துப் பாட்டின் பக்கத்தில் வைத்தேன். முதல் பத்து விநாடியில் முள் நடுக்கோட்டில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. போதும் என்று பாட்டை நிறுத்திவிட்டு உனக்குப் போன் போட்டு, பெரிய மேதாவி மாதிரி, "அடிக்குரல் சுருதியில நிக்கலம்மா, அவர் சொல்றதுதான் சரி, நேராக்கிடு" என்றேன். நீ "சரிப்பா" என்றாயாம். அதை நீ சொன்ன விதம் எனக்குத் தெரியாது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் பிறகு சொன்னாள், "அவ குரலே இறங்கிப்போச்சு, நீங்க என்னத்தக் கேட்டீங்க?" என்று. நான் எதையும் கேட்கவில்லை, முள்ளைப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் பாட்டுகளை எல்லாம் கூடத்தில் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அயர்ன் பாக்ஸ் பிளக்கைக் கழற்றப்போய் திருகாணி உருண்டு பெட்டிக்குக் கீழே போய்விட்டது. எடுத்துவிட்டு எழுந்திருக்க ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை ஊன்றினேன். ஊன்றிய கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளங்கையில் ஓர் அலை அடித்தது, எழும்பியது, இறங்கியது, திரும்ப எழும்பியது. விநாடிக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் இரண்டு விநாடிக்கு ஒன்று, அப்புறம் ஐந்து விநாடிக்கு ஒன்று. பாட்டு முடிகிற இடத்தில் அலை முழுக்க அடங்கி, பலகை ஆடாமல் அசையாமல் ஒரே சீராக நின்றது. மறுபடி போடு என்றேன். நாலு தடவை போடவைத்தேன், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், ஐந்தாவது தடவை அம்மா துணியை வைத்துவிட்டு வந்து தன் கையையும் என் கை பக்கத்தில் வைத்தாள். "என்னங்க இது, நம்ம கரடி மாதிரியே இருக்கு?" என்றாள். கரடி மாதிரி இல்லை கீச்சு, கரடியேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இசைக்கருவி வாடகை நிலையத்தில், என் மேஜைக்கு எதிரே ஒரு பழைய படம் மாட்டியிருந்தார்கள். ஆரம்ப காலத்து சிந்தசைசர், ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயர் ஒயராகத் தொங்கும். ஒரு சத்தத்தை மாற்ற அரை நாள் ஒயரைப் பிடுங்கிச் செருக வேண்டும். அதிலிருந்து இறங்கி இரண்டு பேர் தூக்கக்கூடிய அளவுக்கு வந்ததுதான் நம் கரடியின் இனம். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும், இரண்டை அமுக்கினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும். ஞாபகசக்தி கிடையாது. நல்ல சத்தம் ஒன்று அமைந்துவிட்டால் எந்தத் திருகு எங்கே நின்றது என்று தாளில் படம் போட்டு வைக்க வேண்டும். ஒருதடவை வாசிக்க வந்தவர் தும்மி, முழங்கை பட்டு, காலையிலிருந்து தேடிக் கண்டுபிடித்த சத்தம் போயே போய்விட்டது, மனிதர் அழாத குறை. அப்புறம் பல கட்டைகள் சேர்ந்து பேசுகிற கருவிகள் வந்தன, அப்புறம் சத்தங்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறவை வந்தன, முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் மாதிரி இருந்த வேறு வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே ஒயரில் பேசவைத்தார்கள். பாட்டுப் பதிவுகளுக்கு வாசித்துப் பிழைத்த வயலின் பெரியப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். முதன்முதலாக வயலின் கூட்டத்தின் சத்தம் போடுகிற பெட்டி வந்தபோது ஒரு கட்டையை அமுக்கிக் கேட்டுவிட்டு, "வில்லைத் திருப்பாமலே வாசிக்குதேய்யா, கை வலிக்காதா இதுக்கு?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அவர் பிழைப்புக்கு வந்த ஆபத்து என் பிழைப்புக்கும் வந்தது. எண்களால் ஓடுகிற கருவிகள் வந்தபின் ஸ்விட்ச் போட்ட விநாடியே சுருதி சுத்தமாக நிற்கும், என்னிடம் யார் வருவார்கள்? சூடு ஏற ஏற சுருதி நழுவும் என்கிற குறைதான் அதுவரை எனக்குச் சோறு போட்டது. நிலையத்தில் கரடியைக் கழித்துக் கட்டியபோது நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வாழ்நாள் முழுக்க நாங்கள் திருகித் திருகி ஒழித்த அந்த நழுவலை இன்றைக்கு நீங்கள் கணினியில் கணக்குப் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை.

ஸ்விட்ச் போட்டால் கரடி சூடேற இருபது நிமிடம் ஆகும். அதுவரை அதன் உள்ளே இருக்கிற இரண்டு குரலும் ஒன்றோடொன்று சேராமல் அலை அடித்துக்கொண்டிருக்கும். நீ பள்ளி விட்டு வந்ததும் அதைப் போட்டுவிட்டு, கீழ்க் கட்டை மேல் ஒரு ரப்பரை வைத்து அமுக்கிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாய். நான் தரையில் உட்காருவேன். கணக்கில் பதினொரு மார்க் வாங்கியதை அங்கேதான் சொன்னாய். உயிர்த் தோழி பேசாமல் போனதை அங்கேதான் சொன்னாய். அலை நின்றதும் நீ வாசிக்கப் போய்விடுவாய், நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு என் வேலைக்குப் போய்விடுவேன், அப்புறம் அன்றைக்கு நமக்குள் பேச்சே இருக்காது. கருவிக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் அப்படியொரு சாயங்காலம்தான், சூடேற இரண்டு நிமிடம் பாக்கி. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். போயிட்டு வா என்று ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். குனிந்து திருகைத் திருகுகிற மாதிரி திருகிவிட்டு, "சேந்துடுச்சு, வாசி" என்றேன். நீயும் வாசித்தாய். அதைப் பற்றி நாம் அதற்கப்புறம் பேசவே இல்லை.

உன் பாட்டு நாலு நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நாலு நிமிடமாக்கி, அலை அடங்குகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். உலகத்தில் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான், அந்த ஒரே ஆள் மீட்டரைப் பார்த்துப் பழுது என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு, கீச்சு. நிறுவனத்துக்காரரிடம் ஸ்பீக்கரில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்கச் சொல். அதற்கப்புறமும் பழுது என்றால் பழுதோடு வரட்டும் என்று சொல்லிவிடு. முள் ஆடினால் ஆடட்டும்.

புதன்கிழமை காதுக்குக் கருவி மாட்டப் போகிறேன், அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். கடலைப் பருப்பு அளவுதான் இருக்கிறது, எந்தச் சத்தம் எனக்குப் போயிற்றோ அதை மட்டும் ஏற்றிக் கொடுக்குமாம், என் உத்தியோகமே இப்போது என் காதுக்குள் வந்து உட்காரப் போகிறது. வியாழக்கிழமை நீ போன் செய், எதையாவது பேசு, கத்தினாலும் சரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதே, சத்தத்தைக் குறைத்து வை, காது ஒரு ஜோடிதான். வேளைக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் சொல், என்னிடமும் சொல், இனிமேல் சந்தோஷப்பட மாட்டேன். நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், கை வைத்ததெல்லாம் துலங்க வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

கரடியைப் போட்டுவிட்டு, கீழ்க் கட்டையில் அந்த ரப்பரை வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருபது நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது, நான் மெதுவாக எழுதுகிறவன். இப்போதுதான் எழுந்து போய் ஸ்பீக்கர் மேல் கை வைத்துப் பார்த்தேன், அலை நின்றுவிட்டது. அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன். போயிட்டு வா, கீச்சு. சேந்துடுச்சு, வாசி.

உன் பாட்டைக் கையால் கேட்ட
அப்பா